விண்ணப்பதாரர் நீங்கள் இல்லை, உங்கள் மனைவி

கேள்வி: எனக்கு 39 வயது. மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் 14 வருடமாக இருக்கிறேன். குடும்பத்தோடு கனடாவில் பி.ஆர். (நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை) வாங்கி செட்டிலாக ஆசை. ஐ.இ.எல்.டி.எஸ். ஜெனரல் ஆங்கிலத் தேர்வில் லிசனிங் 7.5, ரீடிங் 6.5, ரைட்டிங் 6.5, ஸ்பீக்கிங் 7 எடுத்திருக்கிறேன். மனைவிக்கு 33 வயது, எம்.எஸ்சி. நர்சிங், ஏழு வருட அனுபவம், டிபெண்டன்டாக வருவார். ஆறு வயதில் ஒரு மகன். என் முதல் திருமணத்தில் பிறந்த 14 வயது மகள் அவள் தாயோடு இருக்கிறாள். ஓர் ஏஜென்ட், "உங்கள் பாயின்ட்டுக்கு நேரடி பி.ஆர். கிடைக்காது. பணம் கட்டினால் ஒரு கடையில் சூப்பர்வைசர் வேலையும் எல்.எம்.ஐ.ஏ.வும் வாங்கித் தருகிறேன், அதற்குத் தனியாகப் பாயின்ட் உண்டு, நீங்கள் முதலில் போங்கள், குடும்பம் பின்னால் வரட்டும்" என்கிறார். மகள் பெயரைப் படிவத்தில் எழுதினால் பேங்கில் அதிகப் பணம் காட்ட வேண்டும், அதனால் எழுதாதீர்கள் என்றும் சொல்கிறார். வரும் ஜனவரியில் எனக்கு 40 ஆகிறது. வயது ஏறினால் பாயின்ட் இறங்குமே என்ற பயத்தில் அட்வான்ஸ் கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். 68 வயது அம்மாவையும் பிறகு அழைத்துக்கொள்ள முடியுமா?

பதில்: அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நீங்கள் அனுப்பியது நாலு பக்கக் கடிதம். மேலே இருப்பது சுருக்கம். அந்த நாலு பக்கத்தில் உங்கள் வேலை, உங்கள் சான்றிதழ்கள், உங்கள் வயதுக் கவலை மூன்றரைப் பக்கம். மனைவியைப் பற்றி ஒரே ஒரு வரி. நான் அடிக்கோடு போட்டது அந்த வரிக்குத்தான். இந்தத் தொழிலில் வாரம் ஒரு முறையாவது இதைப் பார்க்கிறேன்: வீட்டில் யாருடைய பாஸ்போர்ட்டில் அதிக பலம் இருக்கிறது என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. கணவர் விண்ணப்பதாரர், மனைவி டிபெண்டன்ட் என்று எழுதியே பழகிவிட்டோம். கனடாவின் படிவத்தில் அப்படி ஒரு விதி கிடையாது. தம்பதியில் யார் வேண்டுமானாலும் முதன்மை விண்ணப்பதாரராக இருக்கலாம்.

2015 ஜனவரியிலிருந்து எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற முறை நடக்கிறது. தகுதி உள்ளவர்கள் எல்லோரும் ஒரே குளத்தில் பெயர் போட்டு வைக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் 1,200-க்கு ஒரு மதிப்பெண். அதற்கு சி.ஆர்.எஸ். என்று பெயர். அரசு அவ்வப்போது மேலிருந்து இத்தனை பேர் என்று அள்ளுகிறது. பாஸ் மார்க் என்று ஒன்று நிரந்தரமாக இல்லை. அன்றைக்கு எங்கே நிறுத்துகிறார்களோ அதுதான் கட்-ஆஃப்.

உங்கள் கணக்கைப் பார்ப்போம். நீங்கள் முதன்மை விண்ணப்பதாரர் என்றால் வயதுக்கு 50, இளநிலைப் பட்டத்துக்கு 112, ஆங்கிலத்துக்கு 95. படிப்பும் கனடாவுக்கு வெளியே பெற்ற வேலை அனுபவமும் ஆங்கிலத்தோடு சேர்ந்து தருவது 38. மொத்தம் 295. மனைவியின் பட்டத்தை மதிப்பிட்டு, அவரும் ஆங்கிலத் தேர்வில் நன்றாக எழுதினால் கூடுதலாக 30 கிடைக்கும். அப்போதும் 325தான். ஏஜென்ட் இந்த இடத்தில் பொய் சொல்லவில்லை, இதை வைத்து நேரடியாக பி.ஆர். வராது.

இப்போது மனைவியை முன்னால் நிறுத்துங்கள். 33 வயதுக்கு 80. முதுநிலைப் பட்டத்துக்கு 126. ஐ.இ.எல்.டி.எஸ். ஜெனரலில் லிசனிங் 8, மற்ற மூன்றிலும் 7 வாங்கினால் 116. அந்த மதிப்பெண் இருந்தால் படிப்புக்கு 50, அனுபவத்துக்கு 50 என்று இன்னொரு 100. துணைவர் என்ற வகையில் உங்கள் பட்டமும், நீங்கள் ஏற்கெனவே எழுதிய தேர்வும் 22 தரும். கூட்டிப் பாருங்கள்: 444. அதே குடும்பம், அதே சான்றிதழ்கள். ஆளை மாற்றி நிறுத்தியதும் 119 பாயின்ட் ஏறிவிட்டது.

இன்னொரு விஷயம். அவர் முதன்மை விண்ணப்பதாரர் ஆகிவிட்டால் உங்கள் வயதுக்கு மதிப்பெண்ணே கிடையாது. ஜனவரியில் உங்களுக்கு 40 ஆனால் என்ன, 45 ஆனால் என்ன? கணக்கில் ஓடுவது அவருடைய வயது. 34 ஆனால் 5 பாயின்ட் போகும். நீங்கள் பயப்பட வேண்டிய பிறந்தநாள் அதுதான்.

அந்த 444-இல் ஓட்டை விழக்கூடிய இடத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். ரைட்டிங்கில் 7-க்குப் பதில் 6.5 வந்துவிட்டது என்று வையுங்கள். அரை மதிப்பெண்தானே என்று தோன்றும். மொழிக்கான பாயின்ட்டில் 7 குறையும். நான்கு பிரிவில் ஒன்று அந்த நிலைக்குக் கீழே போனதால், படிப்புக்குக் கிடைத்த 50 பாதியாகும், அனுபவத்துக்குக் கிடைத்த 50-ம் பாதியாகும். ஆக 57 பாயின்ட் காலி; 444 அப்படியே 387 ஆகிவிடும். நம்மவர்களுக்கு இடிக்கும் பிரிவும் பெரும்பாலும் ரைட்டிங்தான். மருத்துவமனையில் தினமும் ஆங்கிலத்தில் நோட்ஸ் எழுதுகிறவராக இருந்தாலும், கட்டுரை எழுதுவது வேறு கை. இரண்டு மாதம் அதற்கு மட்டுமே ஒதுக்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு மாதம் மகனின் வீட்டுப்பாடம் உங்கள் பொறுப்பு. எழுத வேண்டியது ஜெனரல் டிரெய்னிங் தேர்வு. அகாடமிக் தேர்வை இதற்கு ஏற்பதில்லை. முடிவு இரண்டு வருடம்தான் செல்லும்.

444 போதுமா? நேராகச் சொன்னால், அப்படியே போதாது. ஆனால் கையெட்டும் தூரம். 2023-லிருந்து கனடா சில தொழில்களுக்கென்று தனிச் சுற்றுகள் நடத்துகிறது. சுகாதாரத் துறை அதில் ஒன்று, நர்ஸ் அந்தப் பட்டியலில் இருக்கிறார். 2025-இல் அந்தச் சுற்றுகளின் கட்-ஆஃப் 462-க்கும் 510-க்கும் நடுவில் ஏறி இறங்கியது. அதன் கீழ் எல்லைக்கே உங்களுக்குக் குறைவது 18. மனைவி லிசனிங் 8.5, ரீடிங் 8, ரைட்டிங் 7.5, ஸ்பீக்கிங் 7.5 வாங்கினால் 12 ஏறும். நீங்கள் திரும்பத் தேர்வு எழுதி லிசனிங், ரீடிங், ரைட்டிங் மூன்றிலும் அரை அரை மதிப்பெண் கூட்டினால் 6 ஏறும். 462. ஏஜென்ட்டுக்குக் கொடுக்க வைத்திருந்த பணத்தில் சிறு பகுதியைத் தேர்வுக் கட்டணத்துக்குச் செலவழித்தாலே இந்த 18 பாயின்ட்டுக்கு முயற்சி செய்யலாம்.

அதற்கு மேல் மாகாணங்களின் பரிந்துரை என்று ஒரு வழி இருக்கிறது. ஒரு மாகாணம் உங்களைத் தேர்ந்தெடுத்தால் ஒரேயடியாக 600 பாயின்ட். பிறகு கட்-ஆஃப் பற்றிக் கவலையே இல்லை. நர்ஸ்களைத் தேடாத மாகாணம் அரிது. ஆனால் அந்த மாகாணத்தில் உண்மையாகவே குடியிருக்கும் எண்ணம் வேண்டும். பரிந்துரையை ஓரிடத்தில் வாங்கிக்கொண்டு, வீட்டை வேறிடத்தில் பார்ப்பது சரியில்லை. கியூபெக் தனி முறை வைத்திருக்கிறது, எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் சேராது.

யாராவது வந்து, "மனைவி மட்டும் போவதாக எழுதுங்கள், கணவர் வரவில்லை என்று காட்டினால் பாயின்ட் ஏறும்" என்பார்கள். உங்களுக்காக அதையும் போட்டுப் பார்த்தேன். 444 என்பது 447 ஆகும், அவ்வளவுதான். இருவரும் நன்றாகத் தேர்வு எழுதிவிட்டால் நீங்கள் கூட வருவதாகக் காட்டுவதுதான் அதிகம்: தனியாகப் போனால் 459, சேர்ந்து போனால் 462. பொய் சொல்லி நஷ்டப்படுவது இதுதான்.

ஏஜென்ட் விற்கும் சரக்குக்கு வருகிறேன். வேலை வாய்ப்புக் கடிதத்துக்கு சி.ஆர்.எஸ்.ஸில் 50-ம் 200-ம் பாயின்ட் கொடுத்துக்கொண்டிருந்தது உண்மை. 2025 மார்ச் 25 முதல் அதை எடுத்துவிட்டார்கள். காலாவதியான மாத்திரையை உங்களிடம் தள்ளப் பார்க்கிறார். எல்.எம்.ஐ.ஏ. என்பது, இந்த வேலைக்கு உள்ளூர் ஆள் கிடைக்கவில்லை என்று காட்டி, வேலை கொடுப்பவர் அரசிடம் வாங்கும் அனுமதி. அதற்கான 1,000 டாலர் கட்டணத்தை முதலாளிதான் கட்ட வேண்டும்; தொழிலாளியிடம் அதை வசூலிப்பது சட்டப்படி குற்றம். உங்களிடம் லட்சக்கணக்கில் கேட்கிறார் என்றால், ஒன்று அந்தக் கடையே இருக்காது, இல்லையென்றால் இருந்தும் உங்களைப் பிழிவதற்கென்றே இருக்கும். அப்படி வரும் பர்மிட் அந்த ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது. அவர் சம்பளத்தைப் பாதியாக்கினாலும் மறுநாள் பக்கத்துக் கடைக்குப் போக முடியாது.

குடும்பம் பின்னால் வரும் என்றாரா? 2025 ஜனவரி 21-க்குப் பிறகு, வெளிநாட்டுத் தொழிலாளியின் துணைவருக்குத் திறந்த வேலை அனுமதி (எந்த முதலாளியிடமும் வேலை பார்க்கும் உரிமை) எல்லோருக்கும் கிடையாது. மேல்நிலைத் தொழில்களுக்கும், அதற்கு அடுத்த நிலையில் தேர்ந்தெடுத்த சில தொழில்களுக்கும்தான். கடை சூப்பர்வைசர் அதில் இல்லை. ஏழு வருட நர்ஸ் வேலை பார்க்க உரிமையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பார், இன்ஜினீயர் கடையில் பெட்டி அடுக்குவார். இதற்கா அட்வான்ஸ்?

பணம் வாங்கிக்கொண்டு கனடா குடியேற்றத்துக்கு ஆலோசனை சொல்ல வேண்டுமானால் அவர் அங்கே உரிமம் பெற்ற வக்கீலாகவோ, குடியேற்ற ஆலோசகர்களின் ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு செய்தவராகவோ இருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். உரிம எண்ணைக் கேளுங்கள். "எங்கள் கனடா ஆபீஸில் இருக்கிறது" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். என்னிடம் வந்தாலும் என் எண்ணை முதலில் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இனி மகள். உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாத பகுதி இதுதான்.

அவளை எழுதியே ஆக வேண்டும். அவள் வருகிறாளா இல்லையா, யாரிடம் வளர்கிறாள் என்பதெல்லாம் அடுத்த கேள்வி. 22 வயது ஆகாத, திருமணமாகாத பிள்ளை உங்கள் குடும்ப உறுப்பினர். மனைவி முதன்மை விண்ணப்பதாரராக இருந்தாலும் துணைவரின் பிள்ளை என்ற வகையில் அவள் அந்தப் படிவத்துக்குள் வருகிறாள். 'உடன் வரவில்லை' என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் குறித்தால் போதும். ஆனால் மருத்துவப் பரிசோதனை அவளுக்கும் நடக்க வேண்டும்.

எழுதாமல் விட்டால் இரண்டு அடி விழும். முதலாவது, உண்மையை மறைத்ததற்காகக் குடும்பம் முழுவதற்கும் ஐந்து வருடத் தடை வரலாம். பி.ஆர். வாங்கிய பிறகு தெரிந்தாலும் அதைப் பறிக்கலாம். இரண்டாவது அடிதான் கொடுமையானது. விண்ணப்பத்தின்போது பரிசோதிக்கப்படாத பிள்ளையைப் பிற்பாடு ஸ்பான்சர் செய்ய முடியாது என்று குடியேற்ற விதி 117-இல் இருக்கிறது. ஒருவர் என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். எட்டு வருடத்துக்கு முன் ஒரு புரோக்கர் சொன்னதைக் கேட்டு மூத்த பையனை விட்டுவிட்டார். இப்போது பையனின் தாய் இறந்துவிட்டார், பையன் பாட்டியோடு இருக்கிறான். "என் சொந்தப் பிள்ளை சார்" என்று பிறப்புச் சான்றிதழை என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். அவர் பிள்ளை இல்லை என்று யார் சொன்னது? மனிதாபிமான அடிப்படையில் மனு போட்டோம். அது உரிமை இல்லை, கெஞ்சல்.

அந்தப் பையனை விட்டதற்கும் காரணம் இதே பேங்க் கணக்குதான். 2025 ஜூலையில் வந்த பட்டியல்படி மூன்று பேர் குடும்பத்துக்கு 23,360 கனடா டாலர் காட்ட வேண்டும், நாலு பேருக்கு 28,362. வித்தியாசம் 5,002 டாலர். மகள் உடன் வராவிட்டாலும் தலைக்கணக்கில் அவள் உண்டு, அதனால் நீங்கள் நாலு பேர்தான். அந்த ஐயாயிரத்துக்காக அவள் 22 வயதுக்குள் எப்போதாவது உங்களிடம் வர நினைத்தால் திறந்திருக்க வேண்டிய கதவைப் பூட்டுவீர்களா?

இதில் ஒரு அவசரமும் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 21 முதல் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் மருத்துவப் பரிசோதனையை முடித்துவிட்டுத்தான் விண்ணப்பம் போட வேண்டும். அழைப்பு வந்த நாளிலிருந்து உங்களுக்கு 60 நாள்தான். அங்கீகரித்த டாக்டரிடம் மகளை அழைத்துப்போக வேண்டியவர் அவளுடைய தாய். அழைப்பு வந்த பிறகு முதல் முறையாக அவருக்குப் போன் செய்தால் எப்படி இருக்கும்? இப்போதே பேசுங்கள். மகளை அவரிடமிருந்து பிரிக்கவில்லை, பெயரைப் பதிவு செய்கிறோம், அவ்வளவே என்று தெளிவாகச் சொல்லுங்கள். செலவு உங்களுடையது. அவர் மறுத்தால் நீங்கள் கேட்டதற்கும் அவர் மறுத்ததற்கும் எழுத்தில் ஆதாரம் வைத்து அதிகாரிக்கு விளக்கலாம், விண்ணப்பம் நகரலாம். ஆனால் மகளுக்கான கதவு அப்போது மூடிவிடும் என்பதையும் அவருக்குப் புரிய வையுங்கள்.

காகிதங்களில் இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மனைவியின் பட்டங்களை டபிள்யூ.இ.எஸ். போன்ற அமைப்பில் மதிப்பிட வேண்டும். பல்கலைக்கழகம் உறையில் சீல் வைத்து அனுப்பும் வேகம் உங்களுக்கே தெரியும், அதனால் அதை முதலில் தொடங்குங்கள். உங்கள் பட்டத்தையும் சேர்த்தே அனுப்புங்கள், இல்லையென்றால் அந்த 22-இல் 8 போய்விடும். மற்றொன்று அனுபவச் சான்றிதழ். "இவர் இங்கே ஸ்டாஃப் நர்ஸாகப் பணியாற்றினார், நடத்தை நன்று" என்ற இரண்டு வரி செல்லாது. எந்த தேதி முதல், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், எந்த வார்டில் என்னென்ன செய்தார் என்பது லெட்டர்ஹெட்டில் கையெழுத்தோடு வேண்டும். கனடா அரசின் தொழில் பட்டியலில் உள்ள வரிகளை அப்படியே காப்பியடித்துக் கொடுத்தால் அதிகாரிக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டர் நோயாளிகளைப் பார்த்தார் என்றால் அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

பேங்கில் காட்டும் பணம் கடனாக இருக்கக் கூடாது. கடந்த ஆறு மாதச் சராசரி இருப்பையும் பேங்க் கடிதத்தில் கேட்பார்கள், ஆகவே கடைசி வாரத்தில் அண்ணன் போட்டுவிட்ட தொகை கேள்வியைக் கிளப்பும். உண்மையிலேயே பரிசாகத் தந்தது என்றால் அதற்கான பத்திரம் வேண்டும்.

போன பிறகு நடப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நர்ஸ் என்று பி.ஆர். கிடைத்தாலும் விமானத்தில் இறங்கிய மறுநாள் நர்ஸாக வேலை பார்க்க முடியாது. அது மாகாண உரிமம். ஒன்டாரியோவில் அதைத் தரும் அமைப்பின் பெயர் காலேஜ் ஆஃப் நர்சஸ். பெயரைப் பார்த்து அட்மிஷன் விசாரிக்கிறவர்கள் உண்டு, அது கல்லூரி இல்லை, ஒழுங்குமுறை அமைப்பு. எழுத வேண்டிய தேர்வு என்.சி.எல்.இ.எக்ஸ்.-ஆர்.என். விண்ணப்பத்தையும் படிப்பையும் புறப்படும் முன்பே தொடங்கிவிடலாம். தொடங்காமல் போனால் முதல் வருடம் அவர் முதியோர் இல்லத்தில் உதவியாளராகத்தான் இருப்பார். அது கேவலமான வேலை இல்லை, ஆனால் அதிலேயே வருடக்கணக்கில் சிக்கிக்கொண்ட நல்ல நர்ஸ்களை எனக்குத் தெரியும். உங்கள் 'இன்ஜினீயர்' என்ற பட்டத்துக்கும் மாகாண உரிமம் உண்டு. ஆனால் பராமரிப்புத் துறையில் உரிமம் கேட்காத டெக்னிக்கல் வேலைகள் இருக்கின்றன, உங்களுக்கு அவ்வளவு இறுக்கம் இல்லை.

துணைவராக வருவதால் உங்கள் பி.ஆர். ஒரு மாற்றுக் குறைந்ததாகிவிடாது. இருவருக்கும் ஒரே கார்டு, ஒரே உரிமை. ஒரு நுணுக்கம் மட்டும்: முதன்மை விண்ணப்பதாரர் உங்களுக்கு முன்போ, உங்களோடு சேர்ந்தோதான் இறங்க வேண்டும். 'நீங்கள் முதலில் போங்கள்' என்பது இந்த வழியில் நடக்காது. சேர்ந்து போய் இறங்கிவிட்டு, நீங்கள் மட்டும் சில மாதம் பழைய வேலைக்குத் திரும்பிச் சம்பளத்தைக் காப்பாற்றுவதில் தவறில்லை. ஐந்து வருடத்தில் 730 நாள் கனடாவில் இருந்தால் பி.ஆர். நிலைக்கும். ஆனால் ஆறு வயதுப் பையனோடு, உரிமத் தேர்வுக்குப் படித்துக்கொண்டு, புது ஊரில் முதல் பனிக்காலத்தை அவர் தனியாகத் தாண்ட வேண்டியிருக்கும். சம்பளத்தைக் கணக்குப் போடும்போது இதையும் போடுங்கள்.

அம்மா இந்த விண்ணப்பத்தில் சேர மாட்டார். பெற்றோர் டிபெண்டன்ட் இல்லை. பெற்றோருக்கான பி.ஆர். ஸ்பான்சர்ஷிப்புக்கு நினைத்தபோது மனு போட முடியாது. 2025 வரை, ஆர்வம் தெரிவித்தவர்களில் குலுக்கல் முறையில்தான் எடுத்தார்கள், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். கைக்கு எட்டுவது சூப்பர் விசா. அவருடைய மகனான நீங்கள் பி.ஆர். ஆன பிறகு, குடும்ப அளவுக்கு விதித்த வருமானத்தைக் காட்டி, குறைந்தது ஒரு லட்சம் டாலருக்கு ஒரு வருட மருத்துவக் காப்பீடு எடுத்தால் அவர் வரலாம். ஒரு தடவை வந்தால் ஐந்து வருடம் வரை தங்கலாம். காப்பீட்டுப் பிரீமியம் வயதோடும் நோயோடும் ஏறும். அம்மாவுக்கு சர்க்கரை, ரத்த அழுத்தம் ஏதாவது இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. அதைத் தெரிவியுங்கள். மனைவியின் ஐ.இ.எல்.டி.எஸ். முடிவு வந்ததும் அதையும் அனுப்புங்கள், 444-ஐ இன்னொரு முறை கூட்டிப் பார்ப்போம்.